புதிய யாப்பும் கொழும்புத் தமிழரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டுக்குப் புதிய யாப்பு, அதாவது அரசியலமைப்பு, கொண்டுவருவோம் என்ற வாக்குறுதி 1994இலிருந்து பெரிய தேர்தல்களில் வந்து போய்க்கொண்டிருக்கிறது. 2024இல் தேசிய மக்கள் சக்தியும் அதைச் சொன்னது. 2015இல் தொடங்கிப் பாதியில் நின்ற வேலையை முடித்து, மக்களிடம் கேட்டு நிறைவேற்றுவோம் என்றது. அந்த நவம்பரில் 225 ஆசனங்களில் 159 அவர்களுக்குக் கிடைத்ததும் பேச்சு மறுபடி சூடு பிடித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்தவர்கள் அப்போதிருந்து கேட்டவற்றைத் திரட்டி எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. யாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். எனக்கென்று ஒரு சாய்வும் உண்டு. அது எந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது என்று வாசிக்கும்போதே தெரியும்.

திருத்தம் வேறு, புதிய யாப்பு வேறா?

வேறுதான். 1978 யாப்புக்கு இருபதுக்கும் மேல் திருத்தம் போட்டாயிற்று. திருத்தம் என்றால் பழையது இருக்கும், சில உறுப்புரைகள் மாறும். புதிய யாப்பு என்றால் பழையதை முழுதாக நீக்கி அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது. வெறுமனே நீக்க முடியாது. நீக்குகிற சட்டமூலத்திலேயே பதிலுக்கு வரும் யாப்பும் இருக்க வேண்டும் என்று 82ஆவது உறுப்புரை சொல்கிறது.

இதற்கு முன் எந்த யாப்பையாவது மக்களிடம் கேட்டு நிறைவேற்றினார்களா?

இல்லை. ஒன்றைக்கூட.

சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பு லண்டனிலிருந்து வந்தது. அதன் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டம் இயற்றக்கூடாது என்றது. அந்தப் பிரிவு இருந்தபோதே 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை போனது, 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. காகிதத்தில் காவல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வருடங்களையும் மறக்கக்கூடாது.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டுக்கு மேல் எடுத்து வென்றதும், பாராளுமன்ற உறுப்பினர்களையே அரசியல் நிர்ணய சபை ஆக்கினார்கள். கூடியது பாராளுமன்றத்தில் அல்ல, றோயல் கல்லூரி நவரங்கஹல மண்டபத்தில். பழைய யாப்பின் கீழ் அல்ல, மக்கள் தந்த ஆணையின் கீழ் புதிதாகச் செய்கிறோம் என்று காட்டுவதற்காகவே அந்த இடமாற்றம். பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. தமிழரசுக் கட்சி வெளியே நின்று கோஷம் போடவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தது. ஒற்றையாட்சி என்ற அடிப்படைத் தீர்மானத்துக்குப் பதில் சமஷ்டி (கூட்டாட்சி) வேண்டும் என்று அக்கட்சியின் வி. தர்மலிங்கம் திருத்தம் கொண்டுவந்தார். எடுபடவில்லை. மொழி பற்றிய திருத்தங்களும் தோற்றதும் 1971 ஜூனில் கட்சி வெளியேறியது. 1972 மே 22 அன்று 119க்கு 16 என்ற வாக்கில் யாப்பு நிறைவேறியது. 29ஆம் பிரிவு மறைந்தது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது, சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்பது யாப்புக்குள்ளேயே ஏறியது.

தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, முடிந்தால் இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். புதிய யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்பதற்கு அதுவே வாக்கெடுப்பாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அரசாங்கம் 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. அவர் பெரும் வெற்றி பெற்றார். அடுத்த வருடம் தனி நாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம்.

1978இல் இன்னும் வேகம். ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு 168இல் 140 ஆசனம். தெரிவுக் குழுவில் தமிழர் விடுதலைக் கூட்டணி பங்கேற்கவில்லை. செப்டெம்பர் 7 அன்று யாப்பு நடைமுறைக்கு வந்தது. இன்றும் நம்மை ஆள்வது அதுதான்.

இப்போது பாராளுமன்றத்தில் எத்தனை வாக்கு வேண்டும்?

150. சபையில் அன்று இருப்பவர்களில் மூன்றில் இரண்டு இல்லை, மொத்த உறுப்பினர் தொகையில் மூன்றில் இரண்டு. வராமல் வீட்டில் இருப்பவரும் எதிர்த்து வாக்களித்தவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

அத்துடன் சர்வஜன வாக்கெடுப்பும் கட்டாயமா?

முழுப் புதிய யாப்பு என்றால் கட்டாயம். 83ஆவது உறுப்புரை சில உறுப்புரைகளுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டிருக்கிறது: நாட்டின் பெயர், ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, தேசியக் கொடி, தேசிய கீதம், தேசிய தினம், பௌத்தத்தின் முதன்மை, சிந்தனை மற்றும் மத சுதந்திரம், சித்திரவதைக்குத் தடை, அப்புறம் அந்த 83ஆவது உறுப்புரையே. இவற்றில் கைவைத்தால் மூன்றில் இரண்டும் வேண்டும், மக்கள் வாக்கும் வேண்டும். யாப்பையே நீக்கினால் இவை எல்லாம் சேர்ந்துதானே போகும்.

அந்தப் பட்டியலில் என்ன இல்லை என்றும் பாருங்கள். கொடியின் ஓர் ஓரத்தை மாற்ற ஒன்றே முக்கால் கோடி பேரிடம் கேட்க வேண்டும். தமிழும் ஓர் அரச கரும மொழி என்கிற 18ஆவது உறுப்புரை பட்டியலில் இல்லை. எழுத்தின்படி பார்த்தால் 150 கைகள் உயர்ந்தால் போதும். புதிய வரைவு வரும்போது இந்தப் பட்டியலில் எவை சேர்கின்றன என்பதே, சமஷ்டியா ஒற்றையாட்சியா என்ற கேள்விக்கு அடுத்தபடி, நான் தேடப்போகும் விஷயம்.

சர்வஜன வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் எடுத்தால் வெற்றியா?

செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. செல்லுபடியான வாக்குகள் மொத்த வாக்காளரில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், ஆதரவு வாக்குகள் மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடி 71 இலட்சம். அதை வைத்துப் பார்த்தால், செல்லுபடியான வாக்குகள் 1 கோடி 14 இலட்சத்தைத் தாண்டவில்லை என்றால் குறைந்தது 57 இலட்சம் 'ஆம்' தேவை. ஆகவே புறக்கணிப்பு என்பது முழுதாகப் பயனற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் வடக்கு கிழக்கு மட்டும் புறக்கணித்து ஒரு யாப்பை நிறுத்திவிடலாம் என்பது கனவு. எண்ணிக்கை போதாது.

நாடு தழுவிய சர்வஜன வாக்கெடுப்பு இதுவரை நடந்திருக்கிறதா?

ஒரே ஒரு தடவை, 1982 டிசெம்பர் 22. யாப்பைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. 1983இல் முடிய வேண்டிய பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வாக்குச்சீட்டில் இரண்டு சின்னம்: நீட்டச் சொன்னால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். வயதானவர்கள் இன்றும் அதை யாப்பு விவகாரமாகப் பேசமாட்டார்கள், 'விளக்கும் குடமும்' என்றுதான் சொல்வார்கள்.

விளக்குக்கு 54 வீதத்துக்குச் சற்று மேல் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 90 வீதத்துக்கு மேல் குடத்துக்குப் போட்டார்கள். முடிவில் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி எண்ணுகிற முறையில் அப்படித்தான் நடக்கும். இழுத்துப் பிடித்த அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளில்தான் தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையும் வந்தது.

வரைவு பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றம் போகலாமா?

இந்த விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். கொழும்பில் பேசுபவர்கள் பலர் இதைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

சாதாரணமாக ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்து, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும், எந்தப் பிரஜையும் குறுகிய காலத்துக்குள் புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அந்த வாய்ப்புத் தவறினால் தவறியதுதான். சபாநாயகரோ ஜனாதிபதியோ சான்று எழுதி அது சட்டமாகிவிட்டால், அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் விசாரிக்க முடியாது. 80ஆவது உறுப்புரை அப்படிக் கதவடைக்கிறது. இந்தியாவில் இருப்பதுபோல, பத்து வருடம் கழித்து ஒரு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் யாப்புக்கு முரண் என்று வாதாட இங்கே இடமில்லை.

அப்படியென்றால் புதிய யாப்புக்கும் அந்தச் சில நாட்கள் உண்டுதானே என்று கேட்பீர்கள். 120ஆவது உறுப்புரையைப் பாருங்கள். யாப்பைத் திருத்தும் அல்லது மாற்றும் சட்டமூலம் என்றால், உயர் நீதிமன்றம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இதற்கு மக்கள் வாக்கு தேவையா இல்லையா? உள்ளடக்கம் நியாயமா என்று அது பார்க்காது. இந்தச் சட்டமூலத்தை மூன்றில் இரண்டால் நிறைவேற்றி மக்களிடமும் விடப்போகிறோம் என்று அமைச்சரவை முன்கூட்டியே சான்றுபடுத்திவிட்டால், அந்த ஒரு கேள்வியும் கிடையாது. நீதிமன்றத்துக்கு அதில் நியாயாதிக்கமே இல்லை.

புதிய யாப்பு எப்படியும் மக்களிடம் போக வேண்டியது என்பதால், அமைச்சரவை அந்தச் சான்றைக் கொடுப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதாவது நாட்டின் மிகப் பெரிய சட்டம் நீதிமன்ற வாசலை மிதிக்காமலே நேரே வாக்குச்சாவடிக்கு வந்துவிடும். வர்த்தமானி வந்த பிறகு பார்க்கலாம், வழக்குப் போடலாம் என்று இருப்பவர்களுக்கு அப்போது ஒரு 'ஆம்', ஒரு 'இல்லை' மட்டுமே மிஞ்சும். சொல்ல வேண்டியதைச் சொல்லும் காலம் வரைவு மேசையில் இருக்கும் காலம்தான்.

அப்படியென்றால் சர்வஜன வாக்கெடுப்பே தமிழருக்குக் கெடுதலா?

அப்படிச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. சனத்தொகையில் சிறுபான்மையாக இருப்பவன் ஏன் பெரும்பான்மையிடம் தன் உரிமைக்கு வாக்குக் கேட்க வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் 1972ஐயும் 1978ஐயும் மக்களிடம் கேட்காமலே செய்தார்கள். அதனால் நமக்கு என்ன ஆதாயம் வந்தது?

மக்களிடம் விடுவது தவறு என்று நான் நினைக்கவில்லை. நாடு முழுவதையும் ஒரே பெட்டியாக எண்ணுவதில்தான் கோளாறு. சுவிற்சர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் யாப்பை மாற்ற இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். நாடு முழுவதிலும் பெரும்பான்மை, அத்துடன் கன்ரன்களில் அல்லது மாநிலங்களிலும் பெரும்பான்மை. நமது 85ஆவது உறுப்புரையில் அப்படி எதுவும் இல்லை. சட்டத்தில் இல்லாவிட்டாலும் அரசியலில் கேட்கலாமே. மாகாண வாரியாக முடிவை அறிவியுங்கள், ஒன்பது மாகாணத்திலும் 'ஆம்' வராவிட்டால் மறுபடி பேச வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்று எந்தத் தமிழ்க் கட்சியாவது பிடிவாதமாகக் கேட்க வேண்டும். உள்ளடக்கத்தைப் பற்றி எழுபது வருடமாகப் பேசுகிறோம். எப்படி நிறைவேற்றுவது என்பதைப் பற்றிப் பேசுபவர் குறைவு.

சமஷ்டி கேட்டால் பிரிவினை கேட்டதாகாதா? ஆறாவது திருத்தம் இருக்கிறதே.

ஆகாது. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் தனி நாட்டை ஆதரிப்பதைத் தடுக்கிறது. அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்துத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். ஆனால் தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில் 2017 ஓகஸ்ட் 4 அன்று உயர் நீதிமன்றம், ஒரு நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகும் தொலைக்காட்சி விவாதங்களில் 'சமஷ்டி' என்றதும் குரல் உயர்கிறது. சட்டம் தீர்த்துவைத்ததை அரசியல் தீர்க்கவில்லை.

'ஏக்கிய ராஜ்ய', 'ஒருமித்த நாடு' சண்டை என்ன?

புதிய யாப்புக்காக 2017 செப்டெம்பரில் வந்த இடைக்கால அறிக்கையில் நாட்டின் தன்மையைச் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் எழுதினார்கள். தெற்கில், இது மறைமுகச் சமஷ்டி என்றார்கள். வடக்கில் தமிழ் அரசியல்வாதிகளிடையே கஜேந்திரகுமார் தரப்பு, இது பெயர் மாற்றிய ஒற்றையாட்சி என்றது. சுமந்திரன் தரப்பு, பெயரை விட்டு அதிகாரப் பட்டியலைப் பாருங்கள் என்றது. நான் கடைசித் தரப்பின் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: நம் சட்டங்களின் கடைசி வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள், சிங்கள, தமிழ் உரைகளுக்கு இடையில் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். யாப்பிலும் அதே வாசகம் இருந்தால், நீதிமன்றம் எடுத்துப் படிக்கப்போவது 'ஏக்கிய'வைத்தான்.

13ஆவது திருத்தம் போய்விடுமா?

யாப்பு போனால் அதன் திருத்தங்களும் போகும். புதியதில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது, நவம்பரில் 13ஆவது திருத்தம் வந்தது. அதற்கு மக்கள் வாக்கு தேவையா என்பதில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் பிளவுபட்டார்கள். கடைசியில் மக்களிடம் போகாமலே நிறைவேறியது. மாகாண சபை வந்தது, தமிழும் அரச கரும மொழி ஆனது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் காகிதத்தில் வந்தன. தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. இணைந்திருந்த வடக்கு கிழக்கை, ஜே.வி.பி. தரப்பினர் போட்ட வழக்கில் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் பிரித்தது. கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2014இல் ஊவாவில். அதன் பிறகு சபைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி ஆளுநர்களின் கைக்குப் போயின.

ஆகவே, இருப்பதை முழுதாக நடைமுறைப்படுத்து என்பவர்களையும், அது தொடக்கப் புள்ளியே இல்லை என்பவர்களையும் ஒரே வீட்டில் பார்க்கலாம். என் கணிப்பில், புதியது வரும்வரை பழையதைக் கைவிடுவது புத்தியில்லை.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வடக்கு மாகாணத்துக்கு அதிகாரம் கொடுத்தால் எனக்கு என்ன?

கொழும்பில் யாப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் போய்விடும். பேசுபவரோ முப்பது வருடமாகக் காலி வீதியில் குடியிருப்பவர். ஊர்ப்பற்று இருக்கட்டும். ஆனால் அதிகாரப் பகிர்வு மாகாணத்துக்கு என்றால், நமக்குக் கிடைப்பது மேல் மாகாண சபை. அதில் நாம் சிறுபான்மைக்குள் சிறுபான்மை.

நமது அன்றாடத்தைத் தொடுபவை வேறு உறுப்புரைகள். 22ஆவது உறுப்புரைப்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நிர்வாகப் பதிவேடுகள் சிங்களத்தில் இருக்கும். ஆனாலும் ஒருவர் தமிழில் தொடர்புகொள்ளலாம், தமிழில் பதில் பெறலாம். நீதிமன்றங்களுக்கு 24ஆவது உறுப்புரை. உரிமை இருக்கிறது, சரி. சில வருடங்களுக்கு முன் கைப்பேசி தொலைந்துபோய் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நான் தமிழும் சிங்களமும் கலந்து சொல்ல, அவர் பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார். எனக்குச் சிங்களம் பேச வரும், கையெழுத்தை வாசிக்க வராது. "இதில் ஒப்பம் வையுங்கோ" என்று சுட்டிய இடத்தில் வைத்தேன். அவர் மரியாதையாகத்தான் நடந்தார், தமிழ் எழுதத் தெரிந்தவர் அன்று கடமையில் இல்லை என்றும் சொன்னார். என்ன எழுதப்பட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதற்கு மருந்து சமஷ்டியில் இல்லை. மொழி உரிமை மீறப்பட்டால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் திருத்த வேண்டும், இருமொழி நிர்வாகப் பிரிவுகளை யார் அறிவிப்பது (இப்போது அது ஜனாதிபதியின் விருப்பம்) என்பவற்றை யாப்பிலேயே எழுதச் சொல்ல வேண்டும். 2017 இடைக்கால அறிக்கையில் இரண்டாவது சபை ஒன்றும் இருந்தது. 55 உறுப்பினர், மாகாணத்துக்கு ஐந்து பேராக 45, பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10. மேல் மாகாணத்தின் அந்த ஐந்தில் நமக்கு இடம் வருமென்று நம்ப முடியாது. அந்தப் பத்தில் மாகாண எல்லைக்கு வெளியே வாழும் சமூகங்களுக்கு இடம் ஒதுக்கக் கேட்கலாம். கொழும்பிலிருந்து அதைக் கேட்ட குரல் எனக்குப் பெரிதாகக் கேட்கவில்லை.

மலையக மக்களும் முஸ்லிம்களும் என்ன கேட்கிறார்கள்?

ஒரே பதில் இல்லை. மலையகத் தமிழருக்கும் நம்மைப் போலவே நிலத் தொடர்ச்சியுள்ள மாகாணம் ஒன்று கிடையாது. ஆகவே நிலத்தைச் சாராத சமூக அதிகாரம் என்ற யோசனை அந்தப் பக்கத்திலிருந்துதான் வலுவாக வந்தது. கொழும்புத் தமிழர் அவர்களோடு சேர்ந்து உட்கார நிறையக் காரணம் உண்டு, பழக்கம்தான் இல்லை. முஸ்லிம் கட்சிகளுக்கு வடக்கு கிழக்கு மறுபடி இணைவதில் பயம் உண்டு. அந்தப் பயத்தைச் சதி என்று ஒதுக்கிவிட்டு நாம் யாப்புப் பேச முடியாது.

பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பது மாறுமா?

மாறாது என்றே நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டு எந்த அரசும் வாக்கெடுப்பில் வெல்லாது. மற்ற மதங்களுக்கான பாதுகாப்பு எவ்வளவு இறுக்கமாக எழுதப்படுகிறது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாக்களிக்கலாமா?

இதுவரை நடந்த தேர்தல்களிலும் அந்த ஒரே வாக்கெடுப்பிலும் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழி இருந்ததில்லை. உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று முதலில் கிராம சேவகரிடம் பாருங்கள்.

முந்திய வரைவுகளுக்கு என்ன ஆனது?

சந்திரிகா காலத்தில் 1995இல் வந்த யோசனை இலங்கையைப் 'பிராந்தியங்களின் ஒன்றியம்' என்றது. இன்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். அதன் பின்னால் இருந்த மூளைகளில் ஒருவரான நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். 2000 ஓகஸ்ட் 3 அன்று சந்திரிகா நீர்த்துப்போன வரைவைப் பாராளுமன்றத்தில் வைத்தபோது எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

2016 மார்ச் 9இல் பாராளுமன்றம் முழுவதும் அரசியலமைப்புச் சபையாக மாறியது. அதற்கு முன்பே லால் விஜேநாயக்க தலைமையிலான குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆறு உப குழுக்களின் அறிக்கை, இடைக்கால அறிக்கை, 2019 ஜனவரியில் நிபுணர் குழுவின் ஆவணம் என்று கடதாசி குவிந்தது. நடுவில் ஜனாதிபதி பிரதமரை நீக்கிய 2018 ஒக்டோபர் 26 அரசியல் குழப்பம் வந்தது. கலைக்கப்பட்ட பாராளுமன்றத்தை உயர் நீதிமன்றம் டிசெம்பரில் காப்பாற்றியது, யாப்பு வேலையைக் காப்பாற்ற ஒருவரும் இருக்கவில்லை. கோட்டாபய 2020இல் நியமித்த நிபுணர் குழுவின் வேலையும் சட்டமாகவில்லை.

வாக்கெடுப்பில் தோற்றால்?

1978 யாப்பு அப்படியே தொடரும். சிலியில் 2022இல் ஒரு வரைவை 62 வீதம் பேர் நிராகரித்தார்கள். அடுத்த வருடம் நேர்மாறான அரசியலோடு வந்த இன்னொரு வரைவையும் நிராகரித்தார்கள். 1980ஆம் ஆண்டின் பழைய யாப்பு இன்னும் இருக்கிறது. கென்யாவில் 2005இல் தோற்று 2010இல் வென்றது. தென்னாப்பிரிக்கா மக்களிடம் வாக்குக் கேட்கவே இல்லை. முன்கூட்டியே 34 கொள்கைகளை எல்லாரும் ஒப்புக்கொண்டு, வரைவு அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று யாப்பு நீதிமன்றம் பார்த்தது. 1996இல் முதல் வரைவை அந்த நீதிமன்றம் திருப்பி அனுப்பியது, திருத்தியதை ஏற்றது. நடைமுறைக்கு வந்த நாள் 1997 பெப்ரவரி 4. நாம் கொடியேற்றும் அதே திகதி, என்ன செய்ய. நமக்குத் தேவையானது அதைப் போன்ற ஒன்று என்றுதான் எனக்குப் படுகிறது: வரைவுக்கு முன்னரே உடன்படிக்கை, அதைச் சரிபார்க்க ஒரு நடுவர், பிறகு வேண்டுமானால் வாக்கு.

வரைவு கையில் கிடைத்தால் முதலில் எதைப் படிப்பது?

கடைசிப் பக்கங்களை. நிலைமாறுகால ஏற்பாடுகள் அங்கேதான் இருக்கும். யாப்பை எழுதியவர்கள் தங்களுக்கு என்ன எழுதிக்கொண்டார்கள் என்று அங்கே தெரியும். 1970இல் ஐந்து வருடத்துக்குத் தெரிவான பாராளுமன்றம், 1972 யாப்பின் வழியாகத் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. 1978இல் ஜே. ஆர். மக்களிடம் ஜனாதிபதி வாக்குக் கேட்காமலே, புதிய யாப்பின் கீழ் தெரிவானவராகக் கருதப்படுவார் என்று எழுதப்பட்டது.

அடுத்து, பழைய சட்டங்களைப் பற்றிய வாசகம். இப்போதைய 16ஆவது உறுப்புரைப்படி, அடிப்படை உரிமைகளுக்கு முரணான பழைய சட்டமும் செல்லும். அது புதியதிலும் அப்படியே வந்தால், உரிமைகள் அத்தியாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிக்குமேல் அலங்காரம்தான். அப்புறம் எந்த மொழி உரை மேலோங்கும் என்ற வரி. அப்புறம் 83இன் இடத்தில் வருகிற பட்டியல். இந்த நான்கையும் பார்த்த பிறகு முன்னுரையைப் படிக்கலாம், அதற்கு அவசரமில்லை.